பொம்மை வீட்டில் தொங்கிய பூட்டு

அத்தியாயம் 4

“எவனோ என் மானத்த வாங்கிட்டான், மிஸ்டர் வின்சென்ட்! அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள புகுந்து வாங்கிட்டான்!”

ஸ்ரீகண்டன் போட்ட சத்தத்தில், விழா மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பெங்களூரில் பெயர் வாங்கிய கட்டுநர் அவர். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். தாத்தா மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். சத்தம் போட்டுப் பழக்கமில்லாத மனிதர் என்பதால் குரல் பாதியிலேயே பிசிறடித்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அதே மண்டபத்தில் மாநகரக் கட்டுமான விருது விழா. ஊரிலேயே நல்ல குடியிருப்பு கட்டியவர்களைக் கூப்பிட்டு, தலையில் மைசூர் பேட்டா என்கிற பட்டுத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்து அனுப்புவார்கள். இந்த வருஷம் பெரிய விருது ஸ்ரீகண்டனுக்கு. ஜோகுபாளையத்தில் ‘தகர லைன்’ என்று ஒரு சந்து இருந்தது. அங்கே குடியிருந்த நாற்பது குடும்பங்களில் ஒன்றைக்கூட வெளியே தள்ளாமல், அதே மண்ணில் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தில்தான் விற்பனைக்கு அடுக்குமாடி எழுப்பினார். பெயர் ‘பாரிஜாதா’. சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியம்தான். ‘நாற்பதுக்கு நாற்பது!’ என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தப் பாரிஜாதாவின் சிறு மாதிரிதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குட்டிக் கட்டடங்கள், குட்டி மரங்கள், குட்டி மனிதர்கள். எல்லாம் சரி. ஆனால் நடுவிலிருந்த பச்சைப் புல்வெளியில், வரைபடத்திலேயே இல்லாத ஒரு வீடு உட்கார்ந்திருந்தது. தீப்பெட்டியைவிடச் சின்ன வீடு. தகரக் கூரை. காற்றில் கூரை பறக்காமலிருக்க மேலே ஒரு டயர்கூட வைத்திருந்தார்கள். கதவில் கடுகளவு பூட்டு.

வின்சென்ட் குனிந்து பார்த்தார். ஐம்பத்தாறு வயது. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகன். முப்பது வருஷமாக ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடும் துப்பறியும் ஆபீசும். ஆட்களை விசாரிப்பது அவருக்குப் பிடிக்காது. ஆள் பொய் சொல்வான், பொருள் சொல்லாது என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

“எப்போ வந்தது இது?”

“நேத்து சாயங்காலம் பட்டறைலேர்ந்து நேரா வேன்ல வந்துது. காலைல பத்திரிகை போட்டோகிராபர் படம் எடுத்துட்டு, ‘இது என்ன சார் புதுசா ஒரு குடிசை?’ன்னு கேக்கறான்! ராத்திரி மண்டபம் தெறந்துதான் கெடந்துது. போட்டிக் கம்பெனிக்காரன் வேலை. சந்தேகமே இல்ல.”

“ராத்திரி யாரும் பெட்டியத் தொடல. எட்டு ஸ்க்ரூ. எட்டு மேலயும் வெள்ளை பெயிண்ட் தடவியிருக்கு. ஒண்ணுலகூட விரிசல் இல்ல. கண்ணாடி மூடறதுக்கு முன்னாடியே வீடு உள்ள வந்தாச்சு.”

“அப்போ திருடன் வெளியேர்ந்து ஏறல சார்,” என்றாள் மலர். “வண்டி யார்டுல நிக்கும்போதே உள்ள உக்காந்துட்டான். நம்ம ரயில்ல சீட்டு புடிக்கறவங்க மாதிரி.”

மலர் வின்சென்ட்டின் உதவியாளர். தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் நின்றுகொண்டே வருகிறவள். உட்கார இடம் கிடைக்காத கோபத்தை நாள் முழுக்க வாயில் காட்டுவாள்.

வின்சென்ட் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். “அந்த பொம்மை மனுஷன் உசரத்தப் பாரு, இந்தக் கதவு உசரத்தப் பாரு. தலை இடிக்காம உள்ள போகலாம். வம்புக்கு வெச்சவன் இப்படி அளந்து வைக்க மாட்டான்.”

“பக்கத்துல அது என்ன மரம் சார்? மத்த இடத்துல எல்லாம் அலங்காரப் பனையா நட்டு வெச்சிருக்காங்க. இது மட்டும் முருங்கை மாதிரி இருக்கு. சாம்பாருக்கா?”

“சபாஷ்,” என்றார் வின்சென்ட். “வரைபடத்துல முருங்கை கிடையாது. வெச்சவங்க மனசுல இருந்திருக்கு. இது பட்டறைல வேலை செய்யற கை. தகர லைன்ல வாழ்ந்த கையும்கூட.”

ஸ்ரீகண்டனின் முகம் தெளிந்தது. “அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டேன். தகர லைன்ல யார் யார் குடியிருக்காங்கன்னு அன்னிக்கு நீங்க எடுத்துக் கொடுத்த சர்வே இல்லாட்டி எவனெவனோ வந்து வீடு கேட்டிருப்பான். இந்த விருதே அந்த சர்வே மேலதான் நிக்குது. மூணு மணிக்குள்ள பேர் வேணும். போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுத்தான் மேடை ஏறுவேன்.”

“அப்போ சால்வைல பாதி எங்களுக்கு வரணும் சார்,” என்றாள் மலர். “கிழிச்சுக் குடுத்தாலும் பரவாயில்ல, நான் தெச்சுக்கறேன்.”

மலரின் ஸ்கூட்டரில் பதினைந்து நிமிஷத்தில் போக வேண்டிய தூரம் முக்கால் மணி நேரம் ஆனது. பெங்களூர் போக்குவரத்தைத் திட்டுவதற்கு இந்த அத்தியாயம் போதாது, விடுங்கள்.

பட்டறை ஜோகுபாளையத்திலேயே, ஒரு மாவு மில்லுக்கு மாடியில் இருந்தது. நீளமான அறை. மேசைக்கு மேசை பாதி முடிந்த குட்டி ஊர்கள். பசை வாசனை மூக்கைத் துளைத்தது. முதலாளி இளங்கோவன் அரை மனதோடு வரவேற்றார்.

“நாங்க வரைபடத்துல இருக்கறததான் சார் ஒட்டுவோம். நீங்க சொல்ற மாதிரி வீடெல்லாம் எங்களுக்குத் தெரியாது.”

வின்சென்ட் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மரம் ஒட்டுகிற மேசைகளை மட்டும் பார்த்தார். நான்கு மேசை, மூன்று பெண்கள். நாலாவது மேசை காலி. அதன் தட்டில் பஞ்சு, கம்பி, பச்சைத் தூள். கூடவே கத்தரியால் வெட்டிய பவுடர் டப்பாத் தகரம், அதன் ஓரத்தில் இன்னும் பாதிப் பூப்படம். கறுப்பு ஒயரின் மேல்தோலில் அறுத்த ஒரு வளையமும் கிடந்தது.

“கூரை இங்க இருக்கு, டயர் இங்க இருக்கு,” என்றாள் மலர். “ஆர்.டி.ஓ. மட்டும்தான் சார் பாக்கி.”

இளங்கோவன் நெற்றியைத் தேய்த்தார். “ஆஷா மேசை அது. இன்னிக்கு லீவு. சார், அந்தம்மா மாதிரி கை இந்த ஊர்லயே கெடையாது. ஒரு வம்புக்கும் போகாது. போலீஸு அது இதுன்னு...”

“வீடு எங்க?” என்றார் வின்சென்ட்.

இரண்டு சந்து தள்ளி, ஒரு வீட்டின் பின்புறத்தில் ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. நாற்பத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து கம்பியில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் பயப்படவில்லை. புடவையில் ஒட்டியிருந்த பச்சைத் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“கம்பெனியா, போலீஸா?”

“கம்பெனி அனுப்பிச்சு வந்திருக்கோம்,” என்றார் வின்சென்ட்.

“உக்காருங்க. நான்தான் ஒட்னேன். எங்கயும் ஓடிப் போவல.”

இவ்வளவு சுலபமாக ஒரு வழக்கு முடிந்தால் துப்பறிகிறவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வின்சென்ட் சுவரோரமிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மலர் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“ஏம்மா ஒட்டின? அவர் உனக்கு என்ன பண்ணார்?”

“அந்தப் புல்லு இருக்குற எடத்துலதான் சார் எங்க ஊடு இருந்துச்சு. இருபத்திமூணாம் நம்பர். பெரிய பெரிய ஆளுங்க அந்தக் கண்ணாடியச் சுத்தி நிப்பாங்க. ஒருத்தராவது குனிஞ்சு பாத்து, இது இன்னான்னு கேப்பாங்கன்னு ஒட்னேன். அவ்ளோதான். நாளைக்கு வுட்டா அதுவும் கெடயாது.”

“நாளைக்கு என்ன?”

“நாப்பத்தோரு ஊட்டுக்கு நாப்பத்தோரு ஊடுன்னு மொதல்லயே பிளான் போட்டுத்தான் சார் கட்னாங்க. கடைசி ஊடு யாருக்கும் குடுக்காம பூட்டி வெச்சிருக்காங்க. நாளைலேர்ந்து அது விருதுக் கூடமாம். கேடயத்த அங்க வெச்சு ரிப்பன் வெட்டப் போறாங்க. அது என் ஊடு.”

“லைன்ல நாற்பது குடும்பம்தானே?” என்றார் வின்சென்ட். 

ஆஷா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். “நாப்பத்தொண்ணு. ஒரு ஊடு போலின்னு எவனோ எழுதிக் குடுத்துட்டான். கார்ப்பரேஷன்ல தகவல் உரிமை மனு போட்டு அலஞ்சு வாங்கின காகிதம் சார் இது. நீங்களே படிங்க.”

வின்சென்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். ஒரு பக்கம்தான். ‘வீடு எண் 23. வெளியே பூட்டப்பட்டுள்ளது. வாசல் தெளித்துக் கோலமிட்டுப் பல நாட்கள் ஆகியிருக்க வேண்டும். ஜன்னல் வழியே பார்த்ததில் அடுப்பு மூட்டிய அடையாளம் இல்லை. சாமி படங்களுக்குப் பூ இல்லை. விளக்கில் எண்ணெய் இல்லை. இந்த வீட்டில் குடும்பம் எதுவும் வாழவில்லை. வெளியாள் யாரோ உரிமை கோருவதற்காகப் பூட்டு மட்டும் போட்டிருக்கிறார்.’

கீழே கையெழுத்து. அதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. வளைத்துப் போட்ட அந்த ‘வி’யை நாற்பது வருஷமாக அவர்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டரை வருஷத்துக்கு முன் எழுதியது. எழுதிவிட்டுத் தானே இரண்டு முறை படித்து ரசித்தது. கிளப்பில் நாலு பேரை உட்கார வைத்து, கதவைத் திறக்காமலே ஒரு போலியைப் பிடித்தது எப்படி என்று சொல்லிச் சிரித்தது.

“அன்னிக்கு... வீடு ஏம்மா பூட்டியிருந்துது?” என்று கேட்டார்.

“என் ஊட்டுக்காரரு செத்து அஞ்சாம் நாள் சார் அது. சுப்பராயன்னு பேரு. வேலைக்குப் போற வழியில பஸ்லயே நெஞ்சு வலி. சாவு உழுந்த ஊட்ல எவ சார் கோலம் போடுவா? அடுப்ப மூட்டலயே நாங்க. அக்கம்பக்கத்துல இருந்துதான் சோறு வந்துகினு இருந்துச்சு. அன்னிக்குக் காலைல அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். அப்டியே அவங்க ஊரு தங்கவயலுக்குப் போய், பதினாறாம் நாள் காரியம் முடிச்சுகினு வந்தா, லிஸ்ட்டு ஒட்டியிருக்கு. எங்க பேரு இல்ல.”

மலர் நிலைப்படியிலிருந்து நிமிர்ந்தாள். அவள் கண் காகிதத்தின் அடியிலிருந்த கையெழுத்துக்குப் போனது. பிறகு வின்சென்ட்டின் முகத்துக்கு வந்தது.

“ஊடு போனது ஒரு பக்கம் சார்,” என்றாள் ஆஷா. “லைன்ல எல்லாரும் இன்னா பேசினாங்க தெரியுமா? சுப்பராயன் உள்ளுக்குள்ள யாருக்கோ ஊட்ட வித்துட்டு, பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லாம செத்துட்டான்னு. அந்த மனுசன் ஒரு டீக்குக்கூட என்னக் கேட்டுட்டுப் போவாரு. செத்தவரு வந்து ‘நான் விக்கல’ன்னு சொல்ல முடியுமா? நான் சொன்னா எவ நம்பறா? படிச்ச ஆளு எழுதிக் குடுத்துருக்காரேன்றாங்க. இந்த வின்சென்ட்டு யாருன்னு எனக்குத் தெரியல. ஒரே ஒரு தடவ அந்தாளப் பாக்கணும்.”

அந்த ஆள் ஒன்றரை அடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே, அங்கேயே. ஆனால் வின்சென்ட்டின் வாய் திறக்கவில்லை. “பாக்கறேம்மா... பேசிப் பாக்கறேன்,” என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டவும் நேரமில்லாதவர்போல் கையில் தூக்கிக்கொண்டு சந்து முனைவரைக்கும் வந்துவிட்டார். கொலைகாரர்களைத் துரத்தியபோதுகூட அவர் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

தங்கவயலில் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் அப்பா இறந்தபோது, அம்மா மூன்று நாள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. எதிர் வீட்டிலிருந்து சோறும் ரசமும் தூக்கில் வந்தன. பன்னிரண்டு வயது வின்சென்ட் அதைச் சாப்பிட்டுத்தான் அழுதான். தெரியாத மனிதனா அவன்? எல்லாம் தெரியும். ஒவ்வொரு அடையாளத்தையும் சரியாகப் பார்த்து, ஒரு சாவு வீட்டைப் போலி வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன். இரண்டு நாளில் நாற்பத்தொரு கதவு என்று ஒப்புக்கொண்ட அவசரம். அதற்கு மேல் தன் மூளைமேல் இருந்த மயக்கம். 

போன் அடித்தது. ஸ்ரீகண்டன்.

“பேர் கெடச்சுதா சார்?”

வின்சென்ட் மலரைப் பார்த்தார். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றாள்.  பட்டறையில் ஏதோ தவறு நடந்துவிட்டது, யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆஷா தப்பிப்பாள். தானும் தப்பிக்கலாம். அந்த யோசனை வந்ததே அசிங்கமாக இருந்தது. வந்த பிறகும் போகாமல் நின்றதுதான் அதைவிட அசிங்கம்.

“ஒரு மணி நேரத்துல நேர்ல வந்து சொல்றேன்,” என்று வைத்தார்.

“எங்கப்பா செத்தப்பவும் எங்க வீடு அப்படித்தான் சார் இருந்துச்சு,” என்றாள் மலர். அவ்வளவுதான் சொன்னாள். ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வின்சென்ட் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

ஆஷா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். “இன்னா சார், எதனா மறந்துட்டீங்களா?”

“நான்தாம்மா அந்த வின்சென்ட்.”

அவள் கையிலிருந்த குட்டி மரத்தைக் கீழே வைத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலாம் என்றுகூட இருந்தது.

“பக்கத்து ஊட்ல ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே சார்,” என்றாள். “ஒரே ஒரு வார்த்த.”

வின்சென்ட் தலையைக் குனிந்துகொண்டார்.  “விழாவுக்கு வாம்மா,” என்றார் கடைசியில். “வந்து நில்லு. நான் சொல்ல வேண்டியத உன் எதிர்ல சொல்றேன்.”

அவர்கள் மண்டபத்தை அடைந்தபோது மணி நாலரை. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில், ஸ்ரீகண்டனின் தலையில் பட்டுப் பேட்டாவை வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஷாவையும் மலரையும் அரங்கின் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, வின்சென்ட் மட்டும் உள்ளே போனார். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு நப்பாசை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீகண்டனுக்கும் இதில் பங்கு இருக்கும். கட்டுநராயிற்றே, ஒரு வீடு மிச்சமானால் கசக்குமா? தெரிந்தேதான் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பாதிப் பழியை அந்தத் தோளில் இறக்கி வைக்கலாம்.

“யார் சார்?” என்றார் ஸ்ரீகண்டன்.

“ஒட்டினவங்கமேல தப்பில்ல. தப்பு என்னோடது.” வின்சென்ட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கோலம், அடுப்பு, விளக்கு, அஸ்தி. ஸ்ரீகண்டன் முழுவதையும் கேட்டார். சொல்லி முடித்ததும் போனை எடுத்து, நெடுநேரம் மேலே தள்ளிக்கொண்டே போய், ஒரு பழைய செய்தியைக் காட்டினார்.

அவர் அனுப்பியது: ‘இருபத்திமூன்றாம் வீடு பற்றி மனசு ஒப்பவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்களா?’

அதற்கு வின்சென்ட்டின் பதில்: ‘அவசியமில்லை. ஆட்களைவிட எனக்கு வீடே நன்றாகச் சொல்லிவிட்டது.’

“நோடி சார், பாருங்க, நான் கேட்டேன்,” என்றார் ஸ்ரீகண்டன். சத்தமாகச் சொல்லவில்லை. “அதுக்கு மேல நோண்டறது உங்கள நம்பாத மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. ஆனா நான் கேட்டேன்.”

அந்தச் செய்தியை அனுப்பியதே வின்சென்ட்டுக்கு மறந்துபோயிருந்தது. அவ்வளவு சாதாரணமாக, ஏதோ ஹோட்டலில் காபி சொல்வதுபோல, ஒரு குடும்பத்தை வெளியே தள்ளியிருக்கிறார். பழியில் பாதியை இறக்க வந்தவருக்கு முழுசும் திரும்பித் தோளில் ஏறியது.  அந்த அறையில் பேட்டா கட்டுகிற ஆள் முகத்தைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை.

மேடையில் ஸ்ரீகண்டனின் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது.

ஸ்ரீகண்டன் பேட்டாவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நாற்பதுக்கு நாற்பதுன்னு எழுதின அட்டை என் பாக்கெட்ல இருக்கு. அத நான் படிக்க முடியாது. நீங்க வந்து சொல்லுங்க.”

வின்சென்ட் மேடை ஏறினார். எதிரே எண்ணூறு பேர். அவரிடம் வேலை கொடுத்தவர்கள், கொடுக்கவிருந்தவர்கள், கிளப்பில் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் முன்வரிசைகளில் இருந்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“தகர லைன்ல நாற்பத்தோரு குடும்பம் இருந்துது. சுப்பராயன்ங்கறவர் இறந்து, அவர் வீட்ல துக்கத்துல இருந்த சமயத்துல, அந்த வீட்ல ஆளே இல்லன்னு நான் தப்பா எழுதிக் கொடுத்தேன். தெரிஞ்சு எழுதல, ஆனா தெரிஞ்சுக்க நான் ஒரு ஆளக்கூடக் கேக்கல. சுப்பராயன் யாருக்கும் வீட்ட விக்கல. அது அவர் மனைவி ஆஷாவோட வீடு.”

யாரும் கைதட்டவில்லை.  விழா நடத்துகிற பெண் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். கேடயம் மேசையிலேயே இருந்தது.

மண்டபத்துக்கு வெளியே ஸ்ரீகண்டன் ஆஷாவிடம் வந்தார். கையைக் கூப்பினார். “விருதுக் கூடம்னு போட்ட போர்டை இன்னிக்கே கழட்டச் சொல்லிட்டேன்மா. நாளைக்குக் காலைல சாவி உங்க கைல இருக்கும். பத்திரமும் உங்க பேருக்கே எழுதிடறேன்.”

ஆஷா தலையசைத்தாள். அழவில்லை. வின்சென்ட் பக்கம் திரும்பினாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கேட்கவிடவில்லை.

“இங்க இருக்கறவங்க யாரும் சுப்பராயனப் பத்திப் பேசல சார். இவங்களுக்கு அவரு யாருன்னே தெரியாது. பேசினவங்க பாரிஜாதால இருக்காங்க. நாப்பது ஊடு. ஒவ்வொரு ஊட்டுக்கும் நீங்க போவணும். போய், இப்ப சொன்னீங்களே, அத அப்டியே சொல்லணும். நான் வர மாட்டேன். பின்னாடி நின்னு பாக்க எனக்கு ஆசை இல்ல.”

“இன்னிக்கே போறேன்மா,” என்றார் வின்சென்ட்.

மாலை ஏழு மணி. பாரிஜாதாவின் முதல் மாடி நடைவழியில் குழம்பு வாசனையும் டி.வி. சத்தமும் கலந்து வந்தன. மலர் கூடவே வந்திருந்தாள். அவளுடைய கடைசி ரயில் போகிற நேரம் நெருங்கியிருந்தது. ஆனாலும் போகச் சொன்னால் கேட்கவில்லை.

முதல் கதவைத் திறந்தவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கதவின்மேல் ஞானம்மாள் என்று பெயர்ப்பலகை இருந்தது.

“என் பேர் வின்சென்ட். தகர லைன்ல சர்வே எடுத்தவன் நான்தான். சுப்பராயன் வீட்ல யாரும் இல்லன்னு நான் எழுதினது தப்பு. அவர் வீட்ட விக்கல. அந்த வீட்ல அப்போ சாவு...”

“எனக்குத் தெரியும் சார்,” என்றாள் ஞானம்மாள்.

வின்சென்ட் பாதி வார்த்தையில் நின்றார்.

“பக்கத்து வீடு சார் எனக்கு. அஞ்சு நாளும் சோறு எடுத்துட்டுப் போய்க் குடுத்தவளே நான்தான். ஆஷாவுக்கு ஊட்டி விட்டவ.” அவள் குரல் தேய்ந்தது. “லிஸ்ட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை ஆரம்பிக்கும், ஒருத்தர் ஆட்சேபம் சொன்னாலும் இழுத்துக்கிட்டே போகும்னாங்க. மழைல கூரை ஒழுகிட்டு இருந்துச்சு. அவ பேரு லிஸ்ட்டுல இல்லன்னு பாத்தேன். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவரு வித்துட்டாருன்னு யாரோ சொன்னப்ப, நானும் ஆமான்னு தலையாட்டினேன். அப்போதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.”

 இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“இன்னும் எத்தன வீடு பாக்கி சார்?”

“முப்பத்தொம்போது.”

“நீங்க தனியாப் போய்ச் சொன்னா ஏதோ கம்பெனி ஆளு சொல்றாருன்னு கதவச் சாத்திடுவாங்க,” என்றாள் ஞானம்மாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். செருப்பில் காலை விட்டாள். “இருங்க, நானும் வர்றேன். கையெழுத்துப் போட்டவ நான்னு நானே சொல்லணும்.”

அவள் கதவைச் சாத்திவிட்டு முன்னால் நடந்தாள். வின்சென்ட் பின்னாலேயே போனார்.